இரண்டு மடைக்கும் பொதுவான சூசை

தலைமை ஏற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, எல்லைக்கு அப்பாலிருந்து நடந்தே வந்திருக்கும் மைசூர் பக்கத்துப் பெரியவர் திம்மப்பன் அவர்களே, தாய்மார்களே, ஏரிப் பாசனத்து மக்களே!

நம் நீர்கண்டி சூசை அவர்கள் போய்விட்டார். முப்பத்தோரு வருஷம் நமக்கு மூன்று நாள், எல்லைக்கு அப்பால் அவர்களுக்கு மூன்று நாள் என்று இரண்டு மடைகளையும் திறந்து மூடிய கை அது. தண்ணீருக்காக ராஜ்யங்கள் சண்டை போட்டன. நம் ஏரிக்கரையில் ஒரு தடி ஓங்கப்பட்டதா? இல்லையே! யாரால்?

நீர்கண்டிக்கு இரண்டு பக்கமும் ஒரு சென்ட் நிலம் கூட இருக்கக் கூடாது என்பது நம் வழக்கம். அந்த வழக்கத்தை நான் குறுக்கு வழியில் உடைக்கப் பார்த்தேன். ஆம், உங்கள் சங்கத் தலைவன் கரியப்பனாகிய நான்தான்! அவர் மகள் அருள்செல்விக்கு நம் கால்வாயில் வயல் உள்ள பிரகாசத்தைப் பேசி முடித்தவன் நான். மகள் வயல் காய்ந்தால் தகப்பன் மனம் இளகும், மடை அரைநாள் கூடுதலாகத் திறந்திருக்கும், என் வயலும் நனையும் என்று நினைத்தேன். எவ்வளவு கேவலமான புத்தி!

மூன்று வருஷத்துக்கு முன் மழை பொய்த்தது. பால் பிடிக்கிற நெல். அந்தப் பெண்ணை மடைக்கு அனுப்பியதும் நான்தான்.

"பெத்த பொண்ணு வயலு காயுதே, உனக்குக் கண்ணு தெரியலயாப்பா?" என்றாள்.

"தெரியுது தாயி. இன்னிக்கு அவங்க மொற. உனக்கு விட்டுட்டு, நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அவங்க மடைய மூடுவேன்?" என்றார்.

நெல் கருகியது. அதன்பிறகு அவள் அப்பன் வாசலை மிதிக்கவில்லை. அவர் சவப்பெட்டியில் கிடந்தபோதுதான் வந்தாள்.

அம்மா அருள்செல்வி! அன்று நீ திரும்பிப் போனதும், உன் அப்பா மடைக்கல்லில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பார்த்தவன் நான் ஒருவன்தான். உன்னிடம் வந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் என் சூது வெளிப்படுமே என்று மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன் அப்பா கல்நெஞ்சர் இல்லையம்மா. என்னை மன்னிக்க வேண்டாம், அவரை மன்னித்துவிடு.

மக்களே, இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அவர் போய் நான்கு நாள் ஆகிறது. அவர் போன மறுநாளே நம் முறை முடிந்தது. நம் மடை இன்னும் திறந்தே கிடக்கிறது! துக்கத்தில் யாரும் கவனிக்கவில்லை என்கிறோம். உண்மையா? எல்லோரும் கவனித்தோம். துக்க வீட்டில் கேட்க வேண்டாமே என்று திம்மப்பன் ஐயா ஒரு வார்த்தை பேசவில்லை.

புதிய நீர்கண்டியை இரண்டு ஊரும் கூடித் தேர்ந்தெடுக்கும் வரை முறை தவறாது என்று இங்கே உறுதி சொல்கிறேன். நாம் எடுத்துக்கொண்ட நாட்களையும் சேர்த்து அவர்களுக்கு விடுவோம். கால்வாயில் கடைசி வயல் என்னுடையது, முதலில் காயப்போவதும் அதுதான். காயட்டும்!

மௌன அஞ்சலி இங்கே வேண்டாம். எழுந்திருங்கள், ஏரிக்குப் போவோம். நம் மடையை மூடிவிட்டு அங்கே நின்று அழுவோம்.