திருப்பிப் போடுங்க மச்சான்

விலை குறைந்த ஹெட்போனை எடைபோட, கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்பதுதான் நல்ல வழி. விலை தெரிந்துவிட்டால் காது அதற்கு ஒத்து ஊத ஆரம்பித்துவிடும். எங்கள் கடையில் இந்த முறையைக் கொண்டுவந்தவன் நான். கண்ணைக் கட்டிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனும் நான்தான், தங்கையின் கணவரை வேலைக்குச் சேர்த்துவிடும்வரை.

மாப்பிள்ளைக்கு அபாரமான காது. மலிவுச் சரக்கில் பாடுபவர் குரல் எந்த இடத்தில் தகரமாகிறது என்று உடனே சொல்லிவிடுவார். முதலாளி நாற்காலியை அவருக்குக் கொடுத்தார். ஒவ்வொன்றாக அவர் தலையில் மாட்டிவிடுவது என் வேலையானது. வீட்டிலும் நான் ஒரு பாட்டைப் பற்றி வாயெடுத்தால் தங்கை சிரிப்பாள்.

"நீ சும்மா இருண்ணா. காது இருக்கிறவர் சொல்லட்டும்."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் முதல், அவருக்கு மாட்டும் ஹெட்போனில் இடப்பக்க வலைக்குப் பின்னால் துளி பஞ்சு வைத்தேன். அவர் காதுக்கு மட்டுமே தெரியும் அளவு.

"இடது கம்மியா கேக்குது. திருப்பிப் போடுங்க மச்சான்."

திருப்பிப் போட்டும் அதே பக்கம் குறைந்தால் பழுது காதில்தான். கழற்றினேன். சற்றுப் பொறுத்து, முன்பு இருந்தபடியே மாட்டினேன்.

"இப்பவும் இடதுதான்" என்றார். ஹெட்போனுக்குள் விரலை விட்டு இடக் காதைத் தேய்த்துக்கொண்டார்.

பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். மெஷின் வைத்துக் காதைச் சோதித்த டாக்டர் ஒன்றுமில்லை என்றார். "அந்த மெஷினுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"காதுக்கும் வேலை குடுக்கணும் மாப்பிள்ளை. இடதுல மட்டும் சத்தமா கேளுங்க, தேறிடும்" என்றேன். நான் சொன்னது யோசனை மட்டுமே. தினமும் வீட்டில் சத்தத்தை முழுக்க ஏற்றிவைத்தது அவர் விரல்.

சில மாதங்களில் பஞ்சு தேவையில்லாமல் போயிற்று.

இப்போது நாற்காலியில் மறுபடி நான். சாப்பிடும்போது தங்கை இடம் மாறி அவருக்கு வலப்பக்கம் உட்காருகிறாள். பாட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அவரிடம் மறைத்துவிட்டேன் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். போன ஞாயிற்றுக்கிழமை, தங்கை வெளியே போயிருந்தபோது, அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து பஞ்சிலிருந்து எல்லாவற்றையும் மெல்லிய குரலில் சொல்லி முடித்தேன். அவர் முகம் மாறவில்லை. தலையை மட்டும் மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தார். பெரிய மனசு. மன்னித்துவிட்டார் என்றே எடுத்துக்கொண்டேன்.

அவருடைய வலக் காதில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.