முட்டை நாற்றம்

எருத்தேன்பதியிலிருந்து கிளம்பிய பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். காலடியில் காலித் தண்ணீர்க் கேன் வைத்திருந்தவர் சொன்னார்:

"எங்க கெணத்துல அழுகின முட்டை நாத்தம் வர்றது நல்லதாமுங்க்கா."

"ஆரு சொன்னா?"

"தண்ணிய சோதிக்க வந்த சாரு. பெட்ரோல் பங்க் டேங்க் ஒழுகி எங்க கெணத்துக்கு வந்துச்சில்லீங்க? அந்தப் பெட்ரோலை அடியில, காத்தே இல்லாத எடத்துல கிருமிக தின்னுட்டிருக்குதாம். தின்னாத்தான் இந்த நாத்தம் வருமாம்."

"எப்பத் தின்னு முடிக்குமாம்?"

"வருசக்கணக்காகுமாம். பொறுமையா இருங்கன்னு சொல்லீட்டுப் போயிட்டாரு."

மற்றவர் உச்சுக் கொட்டினார்.

"நேத்து பொண்ணு பாக்க வந்தவங்களுக்குக் கடையில வாங்குன கேன் தண்ணிதானுங்க்கா குடுத்தேன். ஊட்டுல அடிச்ச நாத்தத்துக்கு அதையும் தொடாம எந்திரிச்சுப் போயிட்டாங்க. என்ர புள்ளைக்கு முப்பதாகுது. கிருமிக்கென்னங்க்கா அவசரம்?"