முன்வரிசைக் கை

– நாலாவதோட ஏன் நிறுத்திட்டே? அஞ்சாவதையும் படி, அக்கா.

– ஏன்டா, பஸ்ஸை டிப்போவுல விட்டுட்டு யூனிஃபார்மோட ஓடி வந்தது என் பேச்சைக் கேக்கவா? நகராட்சி மன்றம் கூடப் போகுது. மைக் டெஸ்ட் பண்றது கேக்குதில்ல?

– கேக்குது. படி.

– முதல்ல குடிநீர்க் குழாய். அப்புறம் தெருவிளக்கு, பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை, குப்பை வண்டி. வரும் ஆண்டுக்கான முன்னுரிமைகள். இந்த நாலுக்கும் எவனும் வாயைத் திறக்க முடியாது, புரியுதா?

– அஞ்சாவது.

– உனக்குத் தெரிஞ்சதுதானே. நகராட்சி முதியோர் இல்லத்தை மூடிட்டு, அங்க இருக்கறவங்களைப் பக்கத்து ஊர் பெரிய இல்லத்துக்கு மாத்தறது.

– இருக்கறவங்கன்னு பொதுவா சொல்லிட்டே. அதுல நம்ம அம்மாவும் இருக்காங்க.

– பெத்தவங்களைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா? கூரை ஒழுகுது. பாத்துக்க ஆள் பத்தலை. இந்தப் பக்கம் துருப்பிடிச்ச குழாய்த் தண்ணியைக் குடிச்சுட்டு கீழ்த்தெருப் பிள்ளைங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில கிடக்குதுங்க. ரெண்டுல ஒண்ணுதான் என்னால முடியும். தலைவரோட அம்மா இருக்காங்கன்னு இல்லத்தைக் காப்பாத்தினா ஊர் என்ன சொல்லும், புரியுதா?

– சரி விடு, ஊர் சொல்றதைக் கேக்க நான் வரலை. அம்மாவுக்கு நம்ம பேரே மறந்து போச்சு. ஆனா கட்டில்லேருந்து எழுந்து சுவரைத் தடவிக்கிட்டே ஜன்னலுக்குப் போக இன்னும் தெரியுது. நான் இல்லத்து வளைவுல பஸ்ஸைத் திருப்பறப்ப ஹாரன் அடிப்பேன். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பாப்பாங்க. யாருன்னு தெரியாது. ஆனா பாப்பாங்க.

– அங்கயும் ஜன்னல் இருக்கும்டா.

– என் பஸ் அந்தப் பக்கம் போகாது.

– நான் தனியா எடுத்த முடிவில்லையே. போன வாரம் இல்லத்துலயே கூட்டம் போட்டு அவங்களையே கேட்டாச்சு. அத்தனை பேரும் சம்மதம்னு கை தூக்கியிருக்காங்க. ஒரு கைகூடக் குறையலை. எதிர்த்தரப்பு ஏதாவது கேட்டா அதைத்தான் சொல்லப்போறேன்.

– நீ எங்க கேட்டே? உன் செயலாளரை அனுப்பிக் கேட்டே.

– எனக்கு அன்னிக்கு வேற வேலை இருந்துச்சு.

– அக்கா.

– சரிடா, வேலை இல்லை. பயம். கடைசியா போனப்ப பக்கத்துல உக்காந்து தலை வாரிவிட்டேன். சமத்தா காட்டிக்கிட்டு இருந்தாங்க. முடிச்சதும் திரும்பி, "நீங்க எந்த வார்டும்மா? மனு ஏதாச்சும் இருந்தா குடுங்க, எம்பொண்ணுகிட்ட சேத்துடறேன்"னாங்க. வெளிய வந்து கார்ல உக்காந்து அழுதேன். அத்தனை பேர் முன்னாடி இன்னொரு தரம் அதை என்னால தாங்க முடியாது.

– என்கிட்ட சொல்லவே இல்லையே நீ.

– சொல்லி என்ன ஆகப் போகுது? அம்மா நல்லா இருந்த வரைக்கும் எனக்கு எந்தக் கூட்டத்துலடா பயம் இருந்துச்சு? முதல் தேர்தல்ல, தெருமுனையில நின்னு "சம்மதமா"ன்னு கேட்டு நான் வாயை மூடறதுக்குள்ள, முன்வரிசையில அம்மா கை மேல போயிடும். அதைப் பாத்துத்தான் பின்னாடி இருக்கறவங்க ஒவ்வொருத்தரா தூக்குவாங்க.

– பக்கத்துல உக்காந்திருக்கறவன் தூக்கலைன்னா தொடையில ஒரு கிள்ளு. பாதிக் கூட்டங்கள்ல அப்படிப் பக்கத்துல உக்காந்திருந்தவன் நான்தான்.

– நீ ரெண்டு கையையும் சேத்துத் தூக்குவே, கழுதை. நான் எண்ணி முடிக்கற வரைக்கும் அம்மா கையை இறக்க மாட்டாங்க. மத்தவங்க டீக்கடைக்கே போயிருப்பாங்க, அம்மா கை மட்டும் மேலயே நிக்கும்.

– அக்கா, அஞ்சாவதை இன்னிக்கு மட்டும் தள்ளி வை.

– திரும்ப அங்கேயே வர்றியே. அவங்களே கை தூக்கினாங்கன்னு சொல்றேன், புரியுதா?

– முதல்ல தூக்கினது யாருன்னு கேட்டியா?

– என்னடா சொல்றே?

– இன்னிக்குக் காலையில இல்லத்து நர்ஸ் சொன்னாங்க. அதான் ஓடி வந்தேன். உன் செயலாளர் எழுந்து, "நம்ம தலைவர் கேக்கச் சொன்னாங்க, எல்லாருக்கும் சம்மதமா"ன்னு கேட்டிருக்கார். யாரும் அசையலை. ஒரு பெரியவர், "இந்த வயசுல நாங்க எங்கய்யா போவோம்"னு முணுமுணுத்திருக்கார். அப்ப முன்வரிசையில ஒரு கை மேல போயிருக்கு. அப்புறம் பின்னாடி ஒவ்வொண்ணா.

– அம்மாவுக்கு என்ன கேக்கறாங்கன்னே தெரிஞ்சிருக்காதுடா.

– என்ன கேக்கறாங்கன்னு தெரியாது. யாருக்காகக் கேக்கறாங்கன்னு தெரிஞ்சிருக்கு. முணுமுணுத்த பெரியவரைத் தொடையில கிள்ளியிருக்காங்க.

– மணி அடிச்சுட்டாங்க. உள்ள கூப்பிடறாங்க. என் கண்ணாடியை எங்க வெச்சேன்?

– நெத்தி மேலதான் இருக்கு. இந்தா, போட்டுக்கோ.

– செயலாளர் நன்றி சொல்லிக் கையை இறக்கச் சொல்லலையாமா?

– சொன்னாராம். மத்தவங்க எல்லாரும் இறக்கிட்டாங்க. நாற்காலியெல்லாம் எடுத்து அடுக்கியாச்சு. கடைசியா நர்ஸ் வந்து அம்மா கையைப் பிடிச்சு இறக்கப் பாத்திருக்காங்க. "இரும்மா, எம்பொண்ணு இன்னும் வந்து எண்ணலை"ன்னாங்களாம்.