வலப்பக்கப் பொத்தான்

ஆய்வாளர் ஐயா, தாங்கள் கொடுத்த இந்தப் படிவத்தில் கையொப்பத்துக்கு விட்டிருக்கும் கட்டம் மிகச் சிறியது. குறையாகச் சொல்லவில்லை, தொழில் பழக்கம். கணினித் திரையில் எழுந்து, ‘இதை மாற்றவா, வேண்டாமா?’ என்று கேட்கும் செட்டிங்ஸ் பெட்டிகளை வரைவதுதான் பத்தொன்பது ஆண்டுகளாக என் வேலை. எந்தச் சொல் மேலே வர வேண்டும், எந்தப் பொத்தான் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பேன். கேட்பவர்களுக்கு இதற்கெல்லாமா சம்பளம் என்று தோன்றும்.

எங்கள் நிறுவனம், நோயாளிகள் வீட்டில் வைத்துக்கொள்ளும் சுவாச இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதுகிறது. குழாய் கழன்றால் இயந்திரம் அலறும். அந்த ஒலியை ஐந்து நிமிடம் நிறுத்த ஒரு பொத்தானும், அடியோடு நிறுத்த இன்னொரு பொத்தானும் வரைந்திருந்தேன். முதலாளி வந்து பார்த்தார். அலுவலகத்தில் நாங்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் சட்டுப்புட்டு.

“எதுக்குய்யா ரெண்டு? மனுஷன் சத்தத்தை நிறுத்தணும்னுதான் வர்றான். ‘நிறுத்து’ன்னு ஒண்ணு போடு, போதும்.”

“அதை ஒரு தடவை அமுக்கிட்டா அப்புறம் எதுக்குமே கத்தாது சார்.”

“நீ பெட்டி வரையறியா, பரீட்சைக் கேள்வித்தாள் எழுதறியா? சட்டுப்புட்டுனு முடிய்யா.”

முடித்துக் கொடுத்தேன். ஏழு மாதம் கழித்து, அந்தப் பெட்டியோடு ஓர் இயந்திரம் என் மனைவியின் கட்டிலருகே வந்து நின்றது. ஒரு மதியம் ஒலி எழுந்தது, ‘நிறுத்து’ அழுத்தப்பட்டது, குழாய் மீண்டும் பொருத்தப்பட்டது. மறுநாள் மாலை குழாய் இரண்டாம் முறை கழன்றபோது இயந்திரம் வாய் திறக்கவில்லை. அடுத்த அறையில் நான் அவளுடைய போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தேன். நான்கு போர்வைகள்.

துக்கம் விசாரிக்க முதலாளி வந்தார். நின்றபடியே, “விதிய்யா, நாம என்ன பண்ண முடியும்?” என்றார். மறு வாரமே எல்லா இயந்திரங்களிலும் நான் முதலில் வரைந்தபடி இரண்டு பொத்தான்கள் வந்துவிட்டன: ஐந்து நிமிடம் நிறுத்துவது வலப்பக்கம், அடியோடு நிறுத்துவது இடப்பக்கம். மன்னிப்பு மட்டும் வரவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பெட்டியைக் காகிதத்தில் அச்சிட்டு ஒருவர் முன் வைப்போம். அவர் விரல் எங்கே போகிறது, எத்தனை வினாடி தயங்குகிறது என்று குறித்துக்கொள்வோம். முதலாளியை நான் நாற்பத்தொரு முறை சோதித்திருந்தேன். நாற்பத்தொரு முறையும் விரல் வலப்பக்கமே போயிற்று. ஒரு வினாடிகூட ஆனதில்லை. ஓர் எழுத்துகூடப் படித்ததில்லை.

ஒரு வேலியில் இரண்டு இடைவெளிகள் இருந்தனவாம். அவ்வழியே போகும் முயல் ஒன்று எப்போதும் வலப்புற இடைவெளியில்தான் நுழையும். வேடன் கண்ணியைப் புல்லால் மூடவில்லை. பக்கத்திலேயே சிவப்புத் துணி ஒன்றையும் கட்டிவைத்தான். முயல் வழக்கம்போல ஓடி வந்தது. அங்கே குற்றம் கண்ணியுடையதா, முயலின் கண்ணுடையதா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

முதலாளியின் அப்பாவுக்கும் எங்கள் இயந்திரம்தான். மென்பொருளைப் புதுப்பிக்க மாதம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போவேன். பெரியவர் முழங்கால் வலியோடு எழுந்து, எனக்காக நாற்காலியை இழுத்துப் போடுவார். “உக்காரு தம்பி. என் புள்ளைகிட்ட வேலை பாக்குறவனுக்கு இங்கதான் உக்கார நேரம் கெடைக்கும்” என்று சிரிப்பார். அவர்மீது எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை. அவருக்கு வாரத்தில் இரண்டு முறையாவது குழாய் கழலும் என்பதையும், அப்போது பெரும்பாலும் மகன்தான் வந்து ஒலியை நிறுத்துவார் என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த ஓர் இயந்திரத்தில் மட்டும் பொத்தான்களை இடம் மாற்றிவைத்தேன். எதையும் ஒளிக்கவில்லை. ‘அடியோடு நிறுத்து. இனிக் குழாய் கழன்றாலும் ஒலிக்காது. உயிருக்கு ஆபத்து’ என்று வலப்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன். எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கும் புரியும். நான் வரைந்தவற்றிலேயே மிகத் தெளிவான பெட்டி அதுதான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பகை முதலாளியோடு என்றால் பெரியவர் என்ன செய்தார் என்று கேட்டீர்கள். ஒன்றும் செய்யவில்லை. முதலாளி இறந்துபோனால் அவருக்கு என்ன தெரியப்போகிறது? அவர் இருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் சாப்பிட உட்காரும்போது அந்த விரலைப் பார்க்க வேண்டும். என்னைப் போல, பெட்டி புரியவில்லை என்று சொல்லித் தேற்றிக்கொள்ளவும் அவருக்கு வழி இருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒலி எழுந்திருக்கிறது. முதலாளி போனில் பேசிக்கொண்டே வந்து அழுத்தியிருக்கிறார். இயந்திரத்தின் பதிவில் இருக்கிறது: முக்கால் வினாடி. செவ்வாய்க்கிழமை மதியம் பெரியவர் தூக்கத்தில் புரண்டு படுத்தார். வீடு அமைதியாக இருந்தது. இதை நான் திட்டமிட்டுத்தான் செய்தேன். யாரும் துணை இல்லை.

என் மனைவியின் இயந்திரத்தில் அன்று பொத்தானை அழுத்தியது யார் என்று இத்துடன் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தாம். “ஏங்க, அந்தப் பிசாசோட வாயைக் கொஞ்சம் மூடுங்களேன், தலை வெடிக்குது” என்றாள். நான் எழுந்துபோய் மூடினேன். அந்தப் பொத்தான் என்ன செய்யும் என்பதை, அதை வரைந்தவனைவிட நன்றாக அறிந்தவர் ஒருவரும் இல்லை என்கிறீர்கள், அதுவும் உண்மைதான். இருந்தாலும் ஐயா, இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: அந்தப் பெட்டி தெளிவாக இல்லை.