செல்லி வீட்டுச் சுவரடி மண்

களிமண்ணில் கோழி வளர்க்கிறவனுக்குப் பொறுமை வேண்டும் சார். காரிமங்கலத்திலிருந்து வரும்போதே பார்த்திருப்பீர்கள், உங்கள் ஜீப்பே சேற்றில் மாட்டிக்கொண்டது. இந்த மண் ஒரு தூறலைக்கூட உள்ளே விடாது. வேலி போட்ட என் கோழிப்பட்டியில் நாட்டுக்கோழிகள் நாள் முழுக்கச் சேற்றில் நிற்கும், கால் புண்ணாகும். இதை விசாரிக்க ஒரு அதிகாரியும் வந்ததில்லை. நீங்களும் செல்லியைப் பற்றித்தான் கேட்கிறீர்கள்.

சரி, செல்லிக்கு வருகிறேன். பக்கத்து வீடு, மண்சுவர், தனியாள், என்னைவிட மூத்தவள். நிலம் என் பட்டியிலிருந்து அவள் வீட்டுப் பக்கம் சரிவு. போன ஆவணியில் சந்தையில் ஒருவர் என் கோழியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சேத்துல நின்ன கோழிங்க, காலப் பாத்து வாங்குங்க" என்றாள் செல்லி. பார்த்தார். வைத்துவிட்டுப் போனார். அவள் சொன்னது உண்மை. எனக்கு அதுதான் ஆத்திரம்.

ஆனாலும் நான் திருந்துகிற மனிதன். பட்டியின் குறுக்கே வாய்க்கால் வெட்டி ஜல்லி கொட்டினேன். தண்ணீர் சரிவைப் பார்த்துத்தானே போகும்? போகிற இடத்தில் செல்லியின் சுவர் இருந்தால் அது சரிவின் குற்றம். ஓரமெல்லாம் கொழுக்கட்டைப் புல் நட்டேன். நடுவில் மேடு போடத்தான் நல்ல மண் கிடைக்கவில்லை.

நல்ல மண் செல்லி வீட்டில் இருந்தது. மழைக்கு முன்னால் மண்சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குக் கிராவல் மண் அணைத்து, அடித்து இறுக்கி, சாணம் மெழுகுவது எங்கள் பக்கத்து வழக்கம். அது இல்லாவிட்டால் சுவர் அடியில் ஊறி உட்கார்ந்துவிடும். எனக்குத் தெரியாது என்று சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். அவள் அதியமான்கோட்டைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது அந்த மண்ணை அள்ளி வந்து மேடு போட்டேன். அருமையாக இறுகியது. செல்லிக்குக் கைராசி.

என் மனைவி நிர்மலா பார்த்துவிட்டாள். "அந்தச் சுவத்தோரமாத்தாங்க அக்கா படுக்குது."

"கோழியும் படுக்கணும்ல" என்றேன். மறுநாளே கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். வீடு நிம்மதியாக இருந்தது.

செல்லி திரும்பி வந்து சுவரடியைப் பார்த்தாள். "தம்பி, இங்க அணைச்ச மண்ணு எங்கப்பா?"

"மழையில கரைஞ்சிருக்கும்க்கா."

"மழையே இன்னும் வரலியே."

அவள் புத்திசாலி. அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. "செரி, ஞாயித்துக்கெழம புதுசா அணைச்சுக்கறேன்" என்று உள்ளே போனாள்.

மழை வியாழக்கிழமையே வந்துவிட்டது. அதற்கு நான் பொறுப்பல்ல, எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் மதியம் வரை விடாமல் பெய்தது. வாய்க்கால் பிரமாதமாக வேலை செய்தது. பட்டியில் ஒரு சொட்டு தேங்கவில்லை, எல்லாம் அவள் சுவரடிக்குப் போனது. சாப்பிட்டுவிட்டு அவள் கண்ணயர்கிற நேரத்தில் சுவர் உட்கார்ந்தது. பெரிய சத்தம்கூட இல்லை.

ஓடிப்போய்த் தூக்கியிருக்கலாமே என்கிறீர்கள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. மேட்டில் உமி பரப்ப எனக்கு அந்த இடைவெளிதான் கிடைத்தது. பரப்பினேன். மூலைமுடுக்கைக்கூட விடவில்லை.

உயிர் உடனே போயிருக்கும் என்று சொல்லி ஊரில் ஆறுதல்படுகிறார்கள். இல்லை சார். "தம்பி, தம்பி" என்று என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். முதல் மூட்டை உமி தீரும்வரை நன்றாகக் கேட்டது. இரண்டாவது மூட்டையில் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. அது நின்ற பிறகு கையைக் கழுவிக்கொண்டு தெருவுக்கு ஓடி, சுவர் விழுந்துவிட்டது, எல்லாரும் வாங்க என்று கத்தினேன். முதலில் கூப்பிட்டதே நான்தான். கொலைகாரனாக இருந்தால் கூப்பிட்டிருப்பேனா சார்?