நாற்பது விநாடி வேலை

படத்தை ஒழுங்காக வெட்டத் தெரியாதவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். ஓர் இணையப் பக்கத்தைப் படம் பிடித்து அப்படியே அனுப்புவார்கள். மேலே நாள், மணி, நான்கு சதவீதத்தில் தவிக்கும் பேட்டரி. ஓரத்தில் பாதி விளம்பரம். குளிக்காமல் நேர்காணலுக்கு வந்த மாதிரி இருக்கும்.

அலுவலகத்தில் என் வேலையே இதுதான். எங்கள் நிறுவனத்தின் தளத்தைப் படம் பிடித்து மேலாளரின் மாத அறிக்கையில் சேர்க்க வேண்டும். வாடிக்கையாளர்களின் வசவுகள் அதில் விழுந்திருந்தால், "கொஞ்சம் சுத்தம் பண்ணிடுங்களேன்" என்பார். பொய் சொல்லச் சொன்னதே இல்லை, பெரிய மனிதர். அதற்கென்று இணையத்திலேயே இலவசத் தளங்கள் இருக்கின்றன. படத்தை ஏற்றி, வேண்டாததைத் தேய்த்து, அதே எழுத்துருவில் வேண்டியதைத் தட்டினால் நாற்பது விநாடியில் முடிந்துவிடும். ஒரு மாதம் இரண்டு நட்சத்திரத்தை ஐந்தாக்கினேன். மேலாளருக்குக் கேடயம் கிடைத்தது. எனக்கு 'பட டாக்டர்' என்ற பட்டம் கிடைத்தது.

அத்தான் விஷயத்துக்கு வருகிறேன். அக்காவின் கணவர். சிறுநீரகக் கோளாறு. மாதம் ஒருமுறை பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பார்; முடிவு மருத்துவமனையின் தளத்தில் வரும். அதில் ஓர் எண் இரண்டைத் தாண்டினால் அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்பது மருத்துவரின் உத்தரவு. அத்தானுக்குக் கடவுச்சொல் என்றாலே ஒவ்வாமை. "மாப்ள, அதெல்லாம் உன் இலாகா" என்று கைகழுவிவிட்டார். தளத்தில் பதிந்திருந்த போன் எண்ணும் என்னுடையதுதான். நான் பக்கத்தைப் படம் பிடித்து, மேல்பட்டையை வெட்டி, அந்த எண்ணைச் சுற்றிப் பச்சை வட்டம் போட்டுக் குடும்பக் குழுவில் அனுப்புவேன். ஏழெட்டுக் கட்டைவிரல்கள் எழும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, எண் 2.9 என்று சிவப்பில் வந்தது. மறுநாள் நானும் என் மனைவியும் எட்டு நாள் பயணம் கிளம்புவதாக இருந்தோம். சொன்னால் அக்கா, "தம்பி, நீயும் கூட வா" என்பாள். மறுக்க முடியாது. 2.9-ஐ 1.4 ஆக்கினேன். சிவப்பைக் கறுப்பாக்கினேன். மறைப்பதாக நினைக்கவில்லை, எட்டு நாள் தள்ளிவைப்பதாகத்தான் நினைத்தேன்.

திரும்பி வந்ததும் சொல்லியிருக்கலாம். ஆனால் எப்போது பார்த்தாய் என்று கேட்பார்களே. அடுத்த மாதத்தோடு சேர்த்துச் சொல்லலாம் என்று விட்டேன். அடுத்த மாதம் 4.1. போன மாதம் 1.4, இந்த மாதம் 4.1 என்றால் யார் நம்புவார்கள்? படம் என்றால் இயல்பாக இருக்க வேண்டும். 1.3 போட்டேன்.

அத்தான் போனில் சிரித்தார். "மாப்ள, உன் கை ராசியான கைடா. உப்பில்லாத சோத்துக்கு இன்னியோட முழுக்கு."

"மாத்திரையையும் பாதியாக் குறைச்சிட்டார், கேளு தம்பி" என்று பின்னாலிருந்து அக்காவின் குரல்.

"எதுக்கும் டாக்டர ஒரு வார்த்தை கேட்டுக்கங்க அத்தான்" என்றேன். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். நான் எச்சரித்திருக்கிறேன்.

"நீதானேடா எங்க டாக்டர்" என்றார்.

மூன்றாம் மாதம் 7.2. கூடவே மருத்துவமனையிலிருந்து 'உடனே வரவும்' என்று இரண்டு குறுஞ்செய்திகள். படித்துவிட்டு அழித்தேன். குழுவில் 1.2 போயிற்று. அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் பட்ட பாட்டை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

ஒன்பதாம் நாள் அத்தான் குளியலறையில் விழுந்தார்.

"மூணு மாசமா சிவப்புல காட்டுதேம்மா, வீட்ல ஒருத்தருமா பாக்கல?" என்றார் மருத்துவர்.

அக்கா தன் போனை நீட்டினாள். "இதோ பாருங்க, கறுப்பாத்தானே இருக்கு. வட்டம்கூடப் போட்டிருக்கான். என் தம்பி கம்ப்யூட்டர்ல புலி, டாக்டர். தப்பா அனுப்பமாட்டான்."

மருத்துவர் போனைப் பார்த்தார். தன் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அவர் மேசைமேல் இருந்த பேனாக்களை எண்ணினேன். ஐந்து.

அத்தான் வீடு திரும்பவில்லை. அதன்பின் அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "உனக்கு எப்பத் தெரியும் தம்பி?"

"கடைசி மாசம்தான்க்கா" என்றேன்.

உங்களிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். மூன்று மாதமும் தெரியும். அவரைக் கொன்றது சிறுநீரகம் இல்லை, நான்தான். இனி மறைக்க எதுவும் இல்லை. எழுதி முடித்தபின் மனம் லேசாக இருக்கிறது.

விசாரணைக்காக நீங்கள் கேட்ட அசல் பக்கங்கள் மூன்றையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். படங்களின் பிரதி மட்டும் அக்காவுக்கும் போகும் என்றீர்கள். ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை. நான் திறந்து பார்த்த நாளும் மணியும் இருந்த மேல்பட்டையை மட்டும் வெட்டியிருக்கிறேன், பார்க்கச் சுத்தமாக இருக்கட்டும் என்று.