வரைபடத்தில் அழித்த சொல்

இந்த அறையின் ஜன்னல் மேற்கே பார்த்து இருக்கிறது, மேடம். மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக உங்கள் மேசையில் விழும். அதனால்தான் அந்தக் கோப்புகளின் முதுகெல்லாம் வெளுத்துப் போயிருக்கின்றன. வெளியே நாலடி தள்ளி ஒரு மரம் வைத்திருந்தால் போதும். கட்டடம் கட்டுகிறவர்கள் யாரும் வெயிலிடம் யோசனை கேட்பதில்லை.

கேட்பது என் வேலை. இருபத்திரண்டு வருடமாக நகரமைப்பு அலுவலகத்தில் மனைப்பிரிவு வரைபடங்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். திறந்தவெளிக்குப் பச்சை அடிப்பது எங்கள் வழக்கம். மற்றவர்கள் அடிப்பதைவிட நான் கொஞ்சம் அதிகமாக அடிப்பேன் என்பதால் அலுவலகத்தில் எனக்குப் 'பச்சைப் பென்சில்' என்று பெயர். கேலிதான். எனக்கு அது பிடித்திருந்தது.

நீங்கள் என்னை இன்று கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன். போன மாதம் இதே நாற்காலியில் என்னை உட்கார வைத்து, எழுந்து நின்று கைகூப்பினீர்கள். மலைச்சரிவுத் தீயில் கேட்டைத் திறந்து பத்தொன்பது பேரைக் காப்பாற்றியவர் என்று செய்தித்தாளில் படம் வந்தது. அந்தப் படத்தில் நான் சரியாகச் சிரிக்கவில்லை என்று என் மனைவி குறைப்பட்டுக்கொண்டாள். பிறகு அந்தத் தீயைப் பற்றிய உங்கள் விசாரணையின் இடைக்கால அறிக்கை வந்தது. அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் அந்தச் சரிவைப் பற்றிச் சொல்கிறேன். நூற்றுப் பன்னிரண்டு ஏக்கர். மேலே முகடு, கீழே குளம், குளத்துக்கு அப்பால் நெடுஞ்சாலை. கட்டுநர் இருநூற்று அறுபது வீடு கேட்டார். நான் நாற்பத்தாறுக்குக் கொண்டுவந்தேன். சரிவு குறைவாக இருந்த நடுப்பகுதியில் வீடுகளைக் கொத்துக் கொத்தாக ஒதுக்கி, மீதி முழுவதையும் வேலி போடாமல் விடச் சொன்னேன். தெருவிளக்குகளுக்கு மேல்மூடி போடவைத்தேன், வெளிச்சம் காட்டுப் பக்கம் போகாமல் இருக்க. கட்டுநர் தலையில் கைவைத்துக்கொண்டு, "சார், நான் மனுஷனுக்கு வீடு கட்டறேனா, மானுக்குக் கட்டறேனா?" என்றார். இருவருக்கும்தான் என்றேன். அன்றும் அதை நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

மான்கள் முகட்டில் மேய்ந்துவிட்டுக் கிழக்குப் பக்கச் சரிவு வழியாகக் குளத்துக்கு இறங்கும். வேறு வழி அவற்றுக்குக் கிடையாது. அங்கே முப்பது மீட்டர் அகல நிலப்பட்டை ஒன்றைப் பச்சையாக்கி, அதன்மேல் 'வனவிலங்கு வழித்தடம்' என்று எழுதினேன். வீட்டுத் தெருவின் கிழக்கு முனை அந்தப் பட்டையில் போய் முட்டும். அங்கே தெருவின் இரண்டு ஓரமும் பாறை, நடுவே ஓர் இரும்புக் கேட் போட்டுப் பூட்டச் சொன்னேன். சாவி ஒன்றுதான். அது என்னிடம் இருந்தது.

பிறகு வரைபடம் தீயணைப்பு அதிகாரியிடம் போனது. நல்ல மனிதர். பேச்சில் சத்தம் அதிகம், மனதில் ஒன்றும் இருக்காது. மேற்கே ஒரே ஒரு சாலை இருப்பதைப் பார்த்ததும் தாளைத் திருப்பி என்னிடமே தள்ளினார்.

"ஒரே ஒரு வாசல் உள்ள சினிமா கொட்டகைக்கு நான் கையெழுத்துப் போடுவேனா சார்? இதுக்கு மட்டும் எப்படிப் போடறது? இன்னொரு சாலை காட்டுங்க."

இன்னொரு சாலை போட ஒரே இடம்தான் இருந்தது, அந்தக் கிழக்குப் பட்டை. மற்ற பக்கமெல்லாம் செங்குத்து. மூன்று நாள் யோசித்தேன். காலையில் சாமி கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தபோது வழி தெரிந்தது. அவருக்குப் போக வேண்டிய பிரதியில் மட்டும் 'வனவிலங்கு' என்ற சொல்லை அழித்தேன். 'வழித்தடம்' மட்டும் நின்றது.

எங்கள் அலுவலகத்தில் வழித்தடம் என்றால் விலங்குகள் போகிற பாதை. அவர் அலுவலகத்தில் வண்டி போகிற பாதை. இரண்டும் சரியான தமிழ்தான். நான் ஒரு சொல்லை அழித்தேன். பொய்யாக ஒரு சொல்லும் எழுதவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா, வழித்தடம் காட்டிட்டீங்க. முப்பது மீட்டரா? ரெண்டு தீயணைப்பு வண்டி டான்ஸ் ஆடிக்கிட்டே போகலாமே."

நானும் சிரித்தேன். கையெழுத்து விழுந்தது.

அவர் அதோடு நிற்கவில்லை. தம் பிரதியை வைத்து ஒரு பாதுகாப்புத் தாள் அச்சடித்து, வீடு வீடாகக் கொடுத்தார். தீ வந்தால் கிழக்கு வழித்தடத்துக்குப் போங்கள் என்று அதில் சிவப்பு அம்புக்குறி இருந்தது. முப்பத்தொன்றாம் எண் வீட்டு டீச்சர் அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார். ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார். நான் மான்களைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்து ஏதாவது தின்னக் கொடுப்பார். பறவைகளுக்கு வாசலில் தண்ணீர் வைத்திருப்பார். அந்த மாதிரி மனிதர்கள் குடிவர வேண்டும் என்றுதான் அந்த இடத்தை நான் வரைந்தேன்.

ஒரு நாள் அவர் கேட்டார். "தம்பி, இந்த ரெண்டாவது வழி எங்கே இருக்கு? நடந்து போய்ப் பார்த்தேன். புல்லும் பூட்டுமாதான் இருக்கு."

"அது அவசரத்துக்கு மட்டும்மா."

"அவசரம் வந்தா?"

"வராதும்மா," என்றேன். வயதானவர்களைப் பயமுறுத்தக் கூடாது என்பது என் எண்ணம்.

ஐந்து வருடம் வரவில்லை. அந்தச் சனிக்கிழமை வந்தது.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் அங்கே போய் மான்களை எண்ணுவது என் வழக்கம். அன்றும் கேட்டைத் தாண்டி, உள்ளிருந்து அதைப் பூட்டிவிட்டுப் பட்டைக்குள் நின்றிருந்தேன். முகட்டின் மேற்குப் பக்கம் புகை எழுந்தது. காய்ந்த புல், காற்று வேறு. கால் மணி நேரத்தில் தீ மேற்குச் சாலைக்கு இறங்கிவிட்டது. பெரும்பாலானவர்கள் அதற்குள் அந்தச் சாலை வழியாக வெளியேறிவிட்டார்கள். பின்தங்கிய எட்டுக் கார்கள் மட்டும், சுவரில் ஒட்டியிருந்த அம்புக்குறியை நம்பி, கிழக்கு முனைக்கு வந்து வரிசையாக நின்றன.

அதற்குப் பிறகு நடந்ததை உங்கள் அறிக்கை இரண்டு வரியில் சொல்கிறது. 'மூன்று முப்பத்தொன்றுக்குக் கார்கள் வந்து சேர்ந்தன. பூட்டு துருப்பிடித்திருந்ததால் மூன்று நாற்பதுக்குத்தான் திறக்க முடிந்தது.' ஆறு கார்கள் புல்மேல் இறங்கிக் குளக்கரை வழியாக நெடுஞ்சாலைக்குப் போய்விட்டன. பொறுமையிழந்து மேற்குச் சாலைக்கே திரும்பிய காரில் நான்கு பேர். வரிசையின் கடைசியில் புகையில் மாட்டிக்கொண்ட காரில் மூன்று பேர், டீச்சரும், அவர் தூக்கி ஏற்றிவந்த இருபத்துமூன்றாம் எண் வீட்டுப் படுக்கை நோயாளியும், அந்த நோயாளியின் மனைவியும். இந்த ஏழு பேரும் பிழைக்கவில்லை.

தீயணைப்பு அதிகாரியைப் பணியிடை நீக்கம் செய்தீர்கள், இடத்தை நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார் என்று. அவர் என் வீட்டுக்கு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க மட்டும் அன்னைக்கு அங்கே இல்லைன்னா என்ன ஆயிருக்கும் சார்," என்றார். அவருக்குச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினேன்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆனால் உங்கள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், அனுமதி பெற்ற வரைபடத்தில் உள்ள கிழக்குச் சாலையைக் கட்டுநர் போடாமல் விட்டது குற்றம் என்றும், ஆறு மாதத்தில் அங்கே தார்ச்சாலை போட வேண்டும் என்றும் இருக்கிறது. அங்கே சாலை எதுவும் அனுமதிக்கப்படவில்லை, மேடம். இதோ மூலப் பிரதி. இதோ அழித்த பிரதி. வெளிச்சத்தில் பிடித்தால் சுரண்டிய இடம் தெரியும். அது மான்களின் வழி. சட்டப்படி அங்கே யாரும் தார் ஊற்ற முடியாது. இதைச் சொல்லத்தான் வந்தேன். மன்னிப்புக் கேட்க வரவில்லை.

நீங்கள் பேனாவை மூடிவிட்டீர்கள். திறங்கள், இன்னும் கொஞ்சம் இருக்கிறது. சொல்வதென்றால் முழுதாகச் சொல்லிவிட வேண்டும். அரைகுறை உண்மை எனக்குப் பிடிக்காது.

பூட்டு துருப்பிடிக்கவில்லை. மாதாமாதம் நானே எண்ணெய் போடுவேன்.

கார்கள் வந்தபோது சாவி என் கையில் இருந்தது. எனக்குப் பின்னால், முகட்டிலிருந்து மான்கள் இறங்கத் தொடங்கியிருந்தன. கேட்டைத் திறந்தால் எட்டு வண்டிகள் அந்தப் பட்டைக்குள் பாயும். மான்கள் மிரண்டு திரும்பி ஓடும். திரும்பினால் தீ. உங்கள் கையில் அந்த முடிவு இருந்திருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பூட்டுக்குள் சாவியைப் போட்டு, திருப்பாமல் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் காரிலிருந்தவர் இறங்கி வந்தார். "என்ன சார், பூட்டோட பேச்சுவார்த்தை நடத்தறீங்களா? உடைச்சுத் தள்ளுங்க."

"ரெண்டு நிமிஷம். மக்கர் பண்ணுது."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். மான்கள் நின்றுவிட்டன. அப்போது டீச்சர் காரைவிட்டு இறங்கி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒவ்வொரு கார்க் கண்ணாடியாகத் தட்டிக்கொண்டு போனார்.

"அடிக்காதீங்கப்பா. அவர் என்ன வேணும்னா பண்றார்? அவசரத்துல யாருக்கும் கை நடுங்கும், பாவம்."

ஹாரன் நின்றது. மான்கள் மறுபடி நடந்தன. அவர் செய்த அந்த உதவியை நான் மறக்க மாட்டேன். அவர் கார் இரண்டாவதாக நின்றது. பின்னால் ஒரு காரில் குழந்தைகள் அழுவதைப் பார்த்து, "அவங்க முன்னால போகட்டும், நாங்க கிழங்கட்டைங்கதானே," என்று சொல்லி, தம் வண்டியைப் பின்னுக்கெடுத்து வரிசையின் கடைசிக்குப் போய்விட்டார். அது அவராக எடுத்த முடிவு. நான் சொல்லவில்லை.

பத்து மான்கள் கடந்தபோது மணி மூன்று முப்பத்தாறு. அப்போதே திறந்திருக்கலாம்தான். அதுவரை புகை வரிசையின் கடைசிக்கு வரவில்லை, யாரும் திரும்பிப் போகவும் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் பதினொன்றாவது இன்னும் மேலேயே இருந்தது. பெட்டை, பின்னங்கால் ஒன்றை ஊன்ற முடியாமல், நின்று நின்று வந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் படித்தவர்கள். கொஞ்சம் பொறுங்கள் என்றால் புரிந்துகொள்வார்கள். இது வாயில்லாத ஜீவன். அதைக் காக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை.